வலைஞர்மடத்து மெக்சிக்கோக்காரன்

மெக்சிக்கோவை நான் இன்றுவரை கண்ணால் கண்டதில்லை. ஆனால் கனடாவில், பிறம்ரனில் ஒரு வாடகை மண்டபத்தில் பல வருடம் மெக்சிக்கோக்காரனாக அடி வாங்கியிருக்கிறேன். குஸ்திக் கொம்பனி முதலாளி முதல் நாளே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு பச்சை முகமூடியை நீட்டினான். நான் இலங்கை என்று சொன்னேன். அதெல்லாம் சனத்துக்கு விளங்காது, வாயைத் திறக்காமல் இருந்தால் நீ மெக்சிக்கோதான் என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாங்கி மாட்டினேன். குஸ்தி என்றால் எனக்கு அப்படியொரு பைத்தியம்.

வாயைத் திறக்காமல் இருந்தது அங்கே மட்டும்தான். பகலில் வெயார்ஹவுஸ் வேலை முடிந்தால், மாலையில் ஸ்காபரோவில் ஒரு தமிழ்த் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பேன். கழுத்தில் ரை கட்டி, தலை வாரி, ‘வணக்கம், செய்திகள் வாசிப்பது’ என்று என் பெயரைச் சொல்லித் தொடங்கினால், டோர்செட் பார்க் மாடிவீடுகளில் அன்ரிமார் தேத்தண்ணியும் கையுமாக வந்து குந்திவிடுவார்களாம். அந்த ஆளும் பச்சை முகமூடியும் ஒன்றுதான் என்பது தமிழரில் என் மனைவிக்கு மட்டுமே தெரியும். தெரிந்தால் மானம் கப்பலேறும் என்று அவள் அடிக்கடி சொல்லுவாள். கண்டறியாத குஸ்தி என்றும் சொல்லுவாள்.

என்னோடு அதிகம் மோதியவர் உண்மையான மெக்சிக்கோக்காரர். வயது போனவர், வெள்ளி முகமூடி. முகமூடி அவர் நாட்டில் விளையாட்டுச் சாமான் இல்லை என்பதை அவர்தான் எனக்குச் சொன்னார். அதைப் பந்தயம் வைத்துத் தோற்றவன்தான் சனத்தின் முன்னால் கழற்றுவான். கழற்றியதும் மேடை நடுவில் நின்று, மைக்கைப் பிடித்து, தன் சொந்தப் பெயரையும் பிறந்த ஊரையும் சொல்ல வேண்டும். குஸ்தியில் வெற்றி தோல்வியெல்லாம் முன்கூட்டியே பேசிவைத்ததுதான். இந்த ஓரிடத்தில் மட்டும் பொய் கிடையாதாம்.

அவர் ஓய்வு பெறப்போவதாக அறிவித்தார். கடைசிப் போட்டி என்னோடு, இருவரின் முகமூடியும் பந்தயம். விடைபெறுகிறவர் வெல்ல வேண்டும் என்பதால் கழற்றப்போவது நான். பனி கொட்டும் காலத்தில் சம்மதித்தபோது அது எனக்குப் பெரிய காரியமாகத் தெரியவில்லை. போட்டி நாள் மே மாதத்து ஞாயிறு.

அதற்குள் வன்னியில் போர் இறுகிக்கொண்டே வந்தது. என் தங்கச்சியும் அவளின் பிள்ளைகளும் அந்த வளையத்துக்குள்ளே இருந்தார்கள். மாசி மாதத்துக்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. எங்கள் ஊர் வலைஞர்மடம், கடற்கரையோரம். அந்தப் பெயரை நானே ஒவ்வொரு மாலையும் குரல் தளம்பாமல் வாசித்தேன். செய்தி வாசிக்கிறவர் அழக்கூடாது என்பது எங்கள் நிலையத்துச் சட்டம்.

போட்டியைத் தள்ளிவைக்கச் சொல்லி முதலாளியைக் கெஞ்சினேன். ரிக்கற் விற்றாயிற்று என்றான். பயப்படாதே என்று ஒரு ஸ்பானியப் பெயரையும் ஒரு மெக்சிக்கோ ஊரையும் சொல்லித் தந்தான். சாப்பாட்டு நேரத்தில் காருக்குள் இருந்து அதைப் பாடமாக்கினேன். பெயரை மறைக்கலாம், முகத்தை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? அங்கே சனம் செத்துக்கொண்டிருக்க நம்முடைய செய்தி வாசிப்பாளர் குஸ்தி ஆடுகிறார் என்று ஒருவன் வீடியோவைப் போட்டால் போதும், காறித் துப்பிவிடுவார்கள். அப்படித் துப்பினால் அதில் பிழையும் இல்லை என்று எனக்கே பட்டது. போகாமல் விட்டாலோ அந்தக் கிழவருக்கு விடைபெறுதலே இல்லை.

அந்த ஞாயிறு காலை, எல்லாம் முடிந்துவிட்டது என்று தொலைபேசிகள் அடித்தன. மனைவி தங்கச்சியின் பழைய இலக்கத்தைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தாள். நான் பையை எடுத்ததைக் கண்டாள்.

“தங்கச்சி உயிரோட இருக்கிறாளோ தெரியேல்லை. நீங்கள் குஸ்திக்குப் போறியள்.”

பையைத் தோளில் மாட்டினேன். போனேன்.

காருக்குள்ளேயே முகமூடியை மாட்டிக்கொண்டு பின்வாசலால் நுழைந்தேன். அங்கே காவலுக்கு நின்ற மனிதர் தொலைபேசியில் தமிழில் பேசிக்கொண்டிருந்தார். ஒருவரும் மிஞ்சவில்லையாம் என்று யாருக்கோ சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு அவரைக் கடந்தேன். போட்டி தொடங்கியபோது அதே மனிதர் மேடைக்குப் பக்கத்தில், என் முகத்துக்கு நேரே நின்றார். நான் எந்தப் பக்கம் விழுந்து எழும்பினாலும் அந்தச் சிவந்த கண்கள்தான் தெரிந்தன.

பேசிவைத்தபடி தோற்றேன். கிழவர் என்னைத் தூக்கி நிறுத்தி, பின்கழுத்தில் முடிச்சை மெல்ல அவிழ்த்தார். முகத்தில் காற்றுப் பட்டது. காவலாளியின் வாய் திறந்ததைக் கண்டேன். மேடை அறிவிப்பாளர் மைக்கைக் கையில் திணித்தார். ஸ்பானியப் பெயர் என் தலைக்குள் எங்கேயும் இல்லை. கண்ணில் வெளிச்சம், கையில் மைக். வாய் தன் பழக்கத்துக்குப் பேசியது.

“வணக்கம். செய்திகள் வாசிப்பது,” என்று தொடங்கி, தமிழில் என் சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டேன்.

மண்டபத்தில் ஒருவருக்கும் அது விளங்கவில்லை. அறிவிப்பாளர் தடுமாறவில்லை, அது அவர் தொழில். ஊர் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“வலைஞர்மடம்.”

எத்தனையோ மாலை வாசித்த அந்தச் சொல்லில் அன்று குரல் உடைந்தது. அத்தனை பேருக்கும் முன்னால், அரைக் காற்சட்டையோடு நின்று, வாய்விட்டு அழுதேன். வெட்கம் என்று ஒன்று அப்போது ஞாபகத்திலேயே இல்லை.

அறிவிப்பாளர் இன்னொரு தரம் கேட்டு, தனக்கு வந்த மாதிரி அதை உரக்கக் கூவினார். தோற்றவனின் ஊரைச் சனம் சேர்ந்து கூவுவது அங்கே வழக்கம். பிறம்ரன் மண்டபம் முழுக்க எழுந்து நின்று, நாக்குப் புரளாமல், வலாஞ்சமடாம், வலாஞ்சமடாம் என்று கத்தியது. அது மெக்சிக்கோவில் எங்கேயோ இருக்கிற ஊர் என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள். வலைஞர்மடத்தில் அந்தப் பெயரைச் சொல்ல அப்போது ஒரு சனமும் இருக்கவில்லை.

இறங்கும்போது காவலாளி கை நீட்டினார். இதோ ஏச்சு வரப்போகிறது என்று நினைத்தேன்.

“அண்ணை, நாளைக்கு நியூஸ் நீங்கள்தானே வாசிப்பியள்?”

தெரியாது, விடமாட்டார்கள் என்றேன்.

“நீங்களே வாசியுங்கோ,” என்று சொல்லி, என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் நான் போவதற்குள் நிலையத்தார் யாரோ போட்ட வீடியோவைப் பார்த்திருந்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, நாற்காலியை இழுத்துத் தந்தார்கள். போர் முடிந்தது என்று வாசித்தேன். அதற்குப் பிறகும் பல வருடம் வாசித்தேன். தங்கச்சியைப் பற்றிய செய்தி மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.