ரெஜினா ஊருக்கு அனுப்பாத பெட்டி

செபக் கூட்டத்தில் எழுந்து பேச எனக்குத் தைரியம் வராது. அதனால் எழுதித் தருகிறேன். ஆண்டவர் என் கணவரை எனக்குத் திரும்பத் தந்த கதை இது.

போன குளிர்காலத்தில் ஐஸ் மழை பெய்து, கனடாவில் நாங்கள் இருக்கும் மில்லிக்கன் பகுதி முழுவதும் கரண்ட் போயிற்று. பிறீசரில் இருந்த அறக்குளா மீன் பழுதாகிவிடும் என்று இவர் காலையிலேயே அதை வெட்டத் தொடங்கினார். பாதி உறைந்த மீன். கத்தி வழுக்கி இடது மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஆழமாக இறங்கிவிட்டது. இதய வருத்தத்துக்காக இவர் இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவர். இரத்தம் நிற்கவேயில்லை.

ஆம்புலன்சுக்கு அடித்தேன். வெட்டின இடத்தை விடாமல் அழுத்தச் சொன்னார்கள். ரோட்டெல்லாம் ஐஸ், வரப் பிந்தும் என்றும் சொன்னார்கள். துவாயால் அழுத்திக்கொண்டே மருந்து அலுமாரியைத் திறந்தேன். வெறுமை. எங்கள் வீடுகளில் நடப்பதுதான். யாராவது ஊருக்கு, மன்னாருக்குப் போகிறார்கள் என்றால் பண்டேஜ், பிளாஸ்டர், களிம்பு எல்லாவற்றையும் வழித்துக் கொடுத்துவிடுவோம். முந்தின கிழமைதான் என் தம்பி போயிருந்தான்.

துவாய் நனைந்து என் விரல்களுக்குள்ளால் வடிந்தது. இவருடைய முகம் வெளிறிக்கொண்டே போனது. "ஆண்டவரே, என்னட்ட ஒண்டுமில்லை. நீர் ஆரையாவது அனுப்பும்" என்று மட்டும் கேட்டேன். வேறு செபம் வாயில் வரவில்லை.

அப்போது போன் அடித்தது. இவருடைய தங்கச்சி ரெஜினா. பக்கத்துத் தெருவில் இருக்கிறாள்.

"அண்ணி, இங்க காஸ் அடுப்பு. சோறு காய்ச்சிக்கொண்டு வரட்டோ?"

நான் அழுதுகொண்டு சொன்னேன். அவள் குரல் மாறவேயில்லை.

"துவாயை எடுக்காதேங்கோ. அதுக்கு மேல இன்னொண்டை வைச்சு அமத்துங்கோ. கதவைத் திறந்து விடுங்கோ. வாறன்."

நடக்கவே முடியாத அந்த ஐஸில், வழுக்காமல் இருக்கச் சப்பாத்துக்கு மேல் தடித்த காலுறை மாட்டிக்கொண்டு வந்தாள். தன் முதலுதவிப் பெட்டியைப் பையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். அந்தப் பெட்டியை எங்களுக்கு முன்பே தெரியும். ஊருக்கு எல்லாவற்றையும் கொடுப்பாள், அதை மட்டும் தொட விடமாட்டாள். "ஊர்ச்சனத்தைவிட உனக்கு உந்தப் பெட்டி பெரிசோ?" என்று இவரே எத்தனையோ தரம் நக்கலடித்திருக்கிறார்.

கையுறை போட்டாள். காயத்துக்கான தடித்த துணிகளை அடுக்கி, இரண்டு கையாலும் அழுத்தினாள். பிறகு இறுக்கிக் கட்டினாள். மயங்கின மாதிரிக் கிடந்தவர் கண்ணைத் திறந்தார்.

"ஊருக்கு அனுப்பாமல் ஒளிச்சு வைச்ச சாமான் உதுதானோ?"

"ஓம் அண்ணை. உங்கட வாயைக் கட்டவும் ஒண்டு கிடக்கு. பேசாமல் கையை உயர்த்திப் பிடியுங்கோ."

அந்தக் கணத்தில்தான் எனக்கு மூச்சு வந்தது.

ஆம்புலன்ஸ் வந்தபோது இரத்தம் அநேகமாக நின்றிருந்தது. வந்தவர்கள் அவள் போட்ட கட்டை அவிழ்க்காமலே கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் தையல் போட்ட டொக்டர், "கட்டினவர் நேர்ஸா?" என்று கேட்டார். ரெஜினா பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் வேலை செய்கிறாள். அங்கே தந்த முதலுதவி வகுப்பைக் கவனமாகக் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். புகழ்ந்தால் அவளுக்குப் பிடிக்காது. "அண்ணி, நான் சோறு வேணுமோ எண்டு கேக்கத்தானே போன் எடுத்தனான்" என்கிறாள். அந்த நேரத்தில் அவளை எடுக்க வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும்.

இப்போது எங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கிறது. ஊருக்கு வேறாக வாங்கி அனுப்புகிறோம். நானும் அந்த வகுப்புக்குப் போய்வந்தேன். முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில் பயிற்சிக்கு வைத்த பொம்மையின் நெஞ்சை அழுத்தக் கூச்சமாகத்தான் இருந்தது.

அன்பானவர்களே, கையில் ஒன்றுமில்லாத நேரத்திலும் அவரிடம் கேளுங்கள். ஆள் அனுப்புவார். எங்கள் தெருவில் இன்று யாராவது அப்படிக் கேட்டால், அவர் அனுப்பக்கூடிய ஆளாக நானும் இருக்கவேண்டும். இப்போது என் செபம் அதுதான்.