கண்ணாடியில் ஒட்டிய சிவப்புக் கோடு

கியோனோ சகுமாவுக்குக் கோபம் பேருந்திலேயே தொடங்கிவிடும். சனிக்கிழமைதோறும் நீகாதா நகரின் அந்த நடுநிலைப் பள்ளிக்குப் போய்ப் புல்லாங்குழல் பிள்ளைகளைத் திருத்துவது அவள் வேலை. பள்ளியில் அவள் வெளியாள். வாத்தியக் குழு கணக்கு ஆசிரியர் தாதெவாகியின் கையில் இருந்தது. போட்டி மேடையில் குழல்கள் அச்சில் வார்த்ததுபோல் நிற்க வேண்டுமென்று, பிள்ளைகள் வாயைப் பார்த்து ஊதிப் பழகும் கைக்கண்ணாடி ஒவ்வொன்றிலும் நடுவே சிவப்பு நாடா ஒட்டியவர் அவர்தான். உதட்டின் நடுவும் குழலின் துளையும் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும்.

குழல் மாணவி ஷிஹோவின் உதடு அதற்கு ஒத்துவரவில்லை. மேலுதட்டின் நடு ஒரு துளிபோல் கீழே இறங்கியிருக்கும். அதில் பட்டுக் காற்று பிளந்து, சுரத்தைவிடச் சீறல்தான் அதிகம் கேட்கும். இடப்பக்கம் தள்ளி வைத்தால் சரியாகிவிடுகிறது என்று கியோனோ போன மாதமே காட்டிக்கொடுத்தாள். கியோனோ கிளம்பியதும் ஷிஹோவின் குழல் கோட்டுக்குத் திரும்பிவிடும்.

இன்று போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள். ஒரு இடம்தான் மிச்சம். அதற்கு ஷிஹோவும் இன்னொரு குழல் மாணவி ரீனாவும் போட்டி.

படிக்கட்டின் அடியில் கியோனோ ஷிஹோவை நிறுத்தினாள்.

“மறுபடியும் நடுவுலயா வச்சிருக்க?”

“கோடு அங்கதான டீச்சர் இருக்கு.”

“கோடா ஊதுது? காத்து எங்க வருதுன்னு விரல வச்சுப் பாரு.”

“இடது பக்கமா வருது.”

“அப்ப ஓட்டைய அங்க கொண்டு போ.”

“மன்னிச்சிடுங்க டீச்சர்.”

“இன்னொரு தடவ மன்னிப்பு கேட்டேன்னா குழலப் பிடுங்கிட்டுப் போயிடுவேன்.”

தேர்வில் எல்லோரும் கரும்பலகையைப் பார்த்து உட்கார்வார்கள். முதுகுக்குப் பின்னால் யார் ஊதுகிறார்கள் என்று தெரியாது. பிடித்த வாசிப்புக்குக் கை தூக்க வேண்டும். இரண்டாவது வாசிப்புக்கு முதலில் எழுந்தது தாதெவாகியின் கை.

திரும்பிப் பார்த்தார்கள். ஷிஹோ. குழல் இன்னும் உதட்டின் இடது ஓரத்தில் இருந்தது.

“சத்தம் நல்லாத்தான் இருந்துச்சு,” என்றார் தாதெவாகி. “ஆனா வாய் கோணலா இருக்கே. மேடையில நடுவுக்குக் கொண்டு வந்துடும்மா.”

“நடுவுக்கு வந்தா அந்தச் சத்தம் வராது சார்,” என்றாள் கியோனோ.

“வரிசைன்னு ஒன்னு இருக்குல்ல மேடம்?”

கியோனோ ஒரு கண்ணாடியை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். “நீங்க வரிசையில நில்லுங்க சார். மூக்க மட்டும் கோட்டுல வைங்க. போதும்.”

அவர் நெற்றியைக் கோட்டுக்கு நேராக்கியதும் மூக்கு கோட்டைவிட்டு வலப்பக்கம் போனது. முரசடிக்கும் பையன் சிரிப்பை இருமலாக்கினான்.

“சரி. கடைசி நாற்காலி. ஓரமா உக்காரட்டும்,” என்றார் அவர்.

ஷிஹோ அவருக்குக் குனிந்தாள். “மன்னிச்சிடுங்க சார்.” பிறகு ரீனாவுக்கு. பிறகு மொத்த வகுப்புக்கும்.

“போதும்டி,” என்றாள் ரீனா அழுதுகொண்டே.

கியோனோ கண்ணாடியின் நாடாவை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தாள். பாதி வந்தது. பாதி பசையோடு கிடந்தது.

“இப்ப எதுக்கு மன்னிப்பு கேட்ட?”

“கோணலா ஊதினதுக்கு டீச்சர்.”

கியோனோ அடுத்த கண்ணாடியை எடுத்தாள்.