மாகாளிக்கிழங்கு ஜாடியில் ஒரு விலா எலும்பு

பேகம்பேட்டில் முழங்காலுக்கென்றே ஒரு மருத்துவமனை இருக்கிறது. சென்ற வாரம் அங்கே, என் பேரன் வயதுள்ள டாக்டர் ஒருவர் என் காலின் படத்தைத் திரையில் ஏற்றி, "பாருங்க அங்கிள், கேப்பே இல்ல. குருத்தெலும்பு மொத்தமும் போயிடுச்சு. எலும்பும் எலும்பும் உரசுது" என்றார். நானும் ஒரு காலத்தில் டாக்டர்தான் என்பதை அவரிடம் சொல்லவில்லை. விளக்கும் இன்பத்தை இளைஞர்களிடமிருந்து பறிக்கக் கூடாது. குருத்தெலும்பினுள் இரத்தக் குழாய் இல்லை. மூட்டு நீரில் ஊறித்தான் அது உணவு பெறுகிறது. தேய்ந்தால் மீண்டும் வளராது என்று அவர் அடுக்கிக்கொண்டே போக, என் நாசியில் சிர்க்காவின் நெடி ஏறியது. வினிகரை ஹைதராபாதில் அப்படித்தான் சொல்வார்கள்.

நிஜாம் ஆட்சியின் கடைசி வருஷங்களில் நான் மருத்துவ மாணவன். பாடமெல்லாம் உருதுவில். வீட்டில் தஞ்சாவூர்த் தமிழ், தெருவில் தெலுங்கு, பிணத்தின் முன்னால் உருது என்று என் நாக்கு ஒரே நாளில் மூன்று ராஜ்யங்களைக் கடந்து வரும். எலும்பு என்றால் ஹட்டி. குருத்தெலும்பு, குர்குரி ஹட்டி. இன்றும் என் மனத்தில் முதலில் எழுவது அந்தப் பெயர்கள்தான்.

என் தகப்பனார் செகந்திராபாத் ரயில்வேயில் தலைமைக் குமாஸ்தா. சாஸ்திரத்தையும் அவர் ரயில்வே விதிமுறைகளைப் போலவே உட்பிரிவுகளோடு மனப்பாடம் செய்திருந்தார். நான் டாக்டராவதில் அவருக்குப் பெருமை உண்டு; ஆனால் பிணத்தைத் தொடாமல் டாக்டராகும் வழி ஏதேனும் இருக்கும் என்று கடைசிவரை நம்பினார். "படிச்சுக்கோ. ஆனா எலும்பு, சதைன்னு ஏதாவது ஆத்துக்குள்ள வந்ததோ, மறுநாளே உன்னை ஆபீஸ்ல குமாஸ்தாவா உக்கார வச்சுடுவேன்" என்பதுதான் நிபந்தனை. சொன்னால் செய்கிறவர். நாள்தோறும் கொல்லைப்புறத்தில் குளித்த பிறகே எனக்கு வீட்டுக்குள் அனுமதி. தலைக்குள் ஏறியிருந்ததை மட்டும் தண்ணீர் ஊற்றிக் கழுவ முடியவில்லையே என்று அவர் வருந்தியிருக்கக்கூடும்.

எனக்குத் திருமணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. தாயார் இல்லாத வீடு. மாமனாரிடம் மருமகள் நேராகப் பேசுவதில்லை என்பது எங்கள் குலத்தின் வழக்கம். ஆகவே அவர் ஒரு முழத் தூரத்தில் இலைமுன் அமர்ந்திருக்க, என் மனைவி என்னைப் பார்த்து, "அவருக்கு ரசம் வேணுமான்னு கேளுங்கோ" என்பாள். நான் கேட்பேன். "போதும்னு சொல்லு" என்பார். நான் சொல்வேன். இருவர் செவியும் பழுதற்றவை. ஆனாலும் மருத்துவம் பயிலும் ஒருவன் தினமும் இரண்டு வேளை ரசத்துக்குத் தூது போய்க்கொண்டிருந்தான்.

அந்நிலையில்தான் எங்கள் பேராசிரியர் ஒரு கட்டளையிட்டார். தேர்வன்று ஒவ்வொருவரும், சுண்ணாம்புச் சத்து நீக்கிய விலா எலும்புத் துண்டு ஒன்றைத் தம் கையால் தயாரித்துக் கொண்டுவர வேண்டும். அதன் ஒரு பாதி எலும்பாகவும் மறுபாதி குருத்தெலும்பாகவும் இருக்க வேண்டும். எலும்பைப் புளித்த திரவத்தில் ஊறப்போட்டால் சுண்ணாம்பு கரைந்துபோகும். மிஞ்சுவது ரப்பரைப் போல வளையும். துண்டு இல்லாதவனுக்குத் தேர்வும் இல்லை. விடுதி நண்பர்களுக்கு இதில் சிரமம் ஒன்றுமில்லை. நேற்றைய குழம்பிலேயே பாடத்தின் முற்பகுதி முடிந்திருக்கும். நான் விழிப்பதைக் கண்ட என் தோழன் ஒருவன், "கைக்கு டர்தா ரே? பக்ரே கி ஹட்டி ஹை, தேரே பாவா கி நை" என்று சிரித்தபடி, தன் வீட்டுச் சமையலறையிலிருந்து ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான். ஏன் பயப்படுகிறாய், ஆட்டெலும்புதானே, உன் அப்பனுடையதா என்பது பொருள்.

மாலையில் அதை மனைவியிடம் காட்டினேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது, "எத்தனை நாள் ஊறணும்?"

ஊரிலிருந்து வந்த மாகாளிக்கிழங்கு எங்கள் சமையலறையில் ஒரு ஜாடியில் ஊறிக்கொண்டிருந்தது. அதை உண்பவர்களுக்கு அமிர்தம். மற்றவர்களுக்கு மூட்டைப்பூச்சியை நசுக்கிய வாடை. அந்த வாடையின் நிழலில் எதையும் ஒளிக்கலாம் என்று கண்டவள் அவள். பக்கத்திலேயே இன்னொரு ஜாடியில் சிர்க்காவை ஊற்றி, எலும்பை விரல்நீளத் துண்டுகளாக்கி இட்டு, யாரேனும் திறந்தாலும் கிழங்கென்று நினைக்கட்டும் என மஞ்சளும் கலந்தாள். மாறுவேடம் தேவைக்கு மேலாகவே பொருந்திவிட்டது.

தேர்வுக்கு முந்தைய நாள் இரவுச் சாப்பாடு. சமையலறையிலேயே இலை போட்டிருந்தது; அவள் மோர் எடுக்கத் திரும்பிய கணத்தில், தூதனின் உதவியை நாடாமல் தகப்பனார் தாமே கையை நீட்டி, கைக்கெட்டிய ஜாடியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்துவிட்டார். என் கண்முன் குமாஸ்தா நாற்காலி ஒன்று, மைக்கூட்டோடு, தெளிவாகத் தெரிந்தது. அவர் கடித்தார், அது நசுங்கியது, ஆனால் துண்டாகவில்லை. வலப்புறம் கடித்தார். இடப்புறம் கடித்தார்.

அப்போது அவள், என்னைப் பாராமல், அவரைப் பார்த்துப் பேசினாள்.

"அது முத்தல், அப்பா. துப்பிடுங்கோ. நான் இளசா பாத்து எடுத்துத் தரேன்."

அந்த வீட்டில் அவள் அவரிடம் நேராகச் சொன்ன முதல் வாக்கியம் அது. அவர் துண்டை வெளியே எடுத்து விளக்கொளியில் திருப்பிப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வெகுநேரம் வாய் கொப்புளித்தார். பிறகு, அவரும் என்னைப் பாராமல், "அந்த ஜாடியை இனிமே அவன் ரூம்ல வச்சுடும்மா" என்றார்.

மறுநாள் காலை, ஆவணி அவிட்டத்துக்கு மாதங்கள் இருக்க, அவர் தோளில் புதுப் பூணூல் கிடந்தது. உட்பிரிவு எதுவும் மேற்கோள் காட்டப்படவில்லை.

குருத்தெலும்பும் ஒட்டியிருந்த துண்டு அவர் கடித்தது ஒன்றுதான். அதையே கொண்டுபோனேன். பேராசிரியர் அதை வளைத்துப் பார்த்துத் திருப்தியடைந்தார். பல் தடத்தில் அவர் விரல் நின்றது. "சூஹா?" என்றார். எலியா என்ற கேள்விக்குப் பயத்தில் எனக்கு உண்மைதான் வந்தது: "நஹீன், ஜனாப். வாலித்." இல்லை ஐயா, என் தகப்பனார். பேராசிரியர், அந்தக் குடும்பத்துக்குள் மேற்கொண்டு நுழைய விரும்பாதவராய், பாடத்துக்குத் திரும்பினார். இரண்டுமே வளைகிறபோது எது எலும்பு, எது மற்றது? நுண்ணோக்கியில் தெரியும் என்றேன். எலும்பில் இரத்தம் ஓடும் வாய்க்கால்களைச் சுற்றி வளையம் வளையமாக அடுக்குகள் இருக்கும்; குருத்தெலும்பில் இரத்தமே வருவதில்லை, உயிரணுக்கள் இரண்டும் மூன்றுமாகத் தனித்தனி அறைகளில் இருக்கும். வேலை? எலும்பு சுமக்கிறது, மற்றது, சுமக்கிறவை ஒன்றையொன்று தேய்த்துவிடாமல் காக்கிறது. தேறினேன்.

அதன்பின் அவர்கள் இருவரும் நேராகவே பேசிக்கொண்டார்கள். என்னிடம் சொல்ல வேண்டியதை அவர் அவள் மூலமே சொன்னார். அவர் இறக்கும்வரை நானும் அவரும் சண்டையிட்டதில்லை. அதை நெடுங்காலம் என் பொறுமை என்றே கருதியிருந்தேன்.

சமஸ்தானம் போயிற்று. உருதுப் பாடங்கள் ஆங்கிலத்துக்கு மாறின. அந்தப் புத்தகங்களை எடைக்குப் போட்டார்கள் என்று கேள்வி. சென்ற மார்கழியில் அவளும் போனாள். மறுநாள் சாம்பலில் பாலைத் தெளித்துவிட்டு, கால் பக்கத்திலிருந்து தொடங்கி எலும்புகளைப் பொறுக்கச் சொன்னார் சாஸ்திரிகள். கூகட்பள்ளியிலிருந்து வந்திருந்த மகன், "நான்னா, மீரு கூர்ச்சோண்டி" என்று தெலுங்கில் என்னை உட்காரச் சொன்னான். நான் உட்காரவில்லை. நெருப்பு சுண்ணாம்பைத் தொடுவதில்லை, வளையக்கூடியதைத்தான் எடுத்துக்கொள்கிறது. பாதம், கணுக்கால், முழங்கால், விலா என்று ஒவ்வொன்றையும் எடுத்து, உருதுப் பெயரை உள்ளுக்குள் சொல்லி, பானையில் இட்டேன். ஹட்டிகள் எல்லாம் இருந்தன. மற்றது எங்கும் இல்லை.