மெடிக்கல் பாய் என்னைப் படிக்க வைத்தது

எனக்கு இருபத்தொன்பது வயதாகும்போது என் முதலாளி என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். அவருக்குப் படிப்பின் மேல் மரியாதை இருந்து நான் பார்த்ததில்லை. என் மேலும் தனியாக ஒன்றும் கிடையாது. அவருக்கு ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது.

கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் அவருடைய மருந்துக்கடை. ரோட்டுக்கு எதிரே இன்னொரு மருந்துக்கடையும் இருந்தது. ஊரில் எல்லோருக்கும் அவர் மெடிக்கல் பாய். நான் பன்னிரண்டாவது முடித்து, கல்யாணமாகி, பிறந்த பெண் பால்வாடிக்குப் போக ஆரம்பித்த பிறகு அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். சீட்டைப் படிப்பது, மாத்திரையை எடுப்பது, கத்தரித்துக் கவரில் போடுவது. டாக்டர்களின் கையெழுத்து ஆறு மாதத்தில் பழகிவிட்டது.

மருந்துக்கடை நடத்த வேண்டுமென்றால் டி.பார்ம் படித்த ஒருவர் கடையில் இருக்க வேண்டும். எங்கள் கடையில் அவர் சுவரில் இருந்தார், கண்ணாடிச் சட்டத்துக்குள். ஆள் திருவண்ணாமலைப் பக்கம். சான்றிதழுக்கு மாதாமாதம் வாடகை போய்க்கொண்டிருந்தது. நான் அவரை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். குடிக்கத் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன், போய்விட்டார். ஒருநாள் மருந்து ஆய்வாளர் வந்து, இவர் எங்கே என்று சுவரைக் காட்டிக் கேட்டார். பாய் போன் போட்டார். அந்த மனிதர், இப்போது வர முடியாது, நான் இன்னொரு கடையில் இருக்கிறேன் என்றார். அதே சான்றிதழின் நகல் வேறு ஊரில் வேறு சுவரிலும் தொங்குவது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஆய்வாளருக்கும் தெரிந்தது.

அதற்கு அடுத்த வாரம் பாய் என்னைக் கூப்பிட்டார்.

"பன்னெண்டாவதுல நீ இன்னா குரூப்பு?"

பயாலஜி என்றேன்.

"பாஸா?"

பாஸ்தான் என்றேன். மார்க்கைச் சொல்லப் போனேன். அவர் கையை ஆட்டி நிறுத்தினார். அவருக்கு அது வேண்டியிருக்கவில்லை.

விஷயம் இதுதான். சேலம் போகிற ரோட்டில் ஒரு கல்லூரியில் டி.பார்ம் இருக்கிறது. இரண்டு வருஷம். ஃபீஸ், பஸ், புத்தகம் எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமையும் லீவு நாளும் நான் கடைக்கு வர வேண்டும், அதற்குப் பாதிச் சம்பளம். படித்து முடித்த பிறகு ஐந்து வருஷம் வேறு கடைக்குப் போகக்கூடாது. எழுத்தில் எதுவும் இல்லை. அவருடைய மனைவியை வீட்டிலிருந்து வரச் சொல்லி, அவர் முன்னால் என்னைச் "சரி" என்று சொல்லச் சொன்னார். அந்த அம்மா என்னைப் பார்த்து, உனக்கு இஷ்டம்தானா என்று கேட்டார். அதுவரை யாரும் என்னைக் கேட்காத கேள்வி அது. இஷ்டம்தான் என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது.

என் வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டினார். கரும்பு வெட்டுகிற மாதங்களில் மூங்கில்துறைப்பட்டு மில்லுக்கு லோடு அடிப்பார். மில் வாசலில் வரிசை நகராவிட்டால் டிராக்டரிலேயே தூங்கிவிட்டு மறுநாள் வருவார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"படிச்சா நீ என்னவிட ஜாஸ்தி படிச்சவளா ஆயிடுவியே?"

"நீங்க எட்டாவது. நான் இப்பவே பன்னெண்டாவது."

அதையும் யோசித்தார். "அப்ப சரி," என்றார். அந்த விவாதம் அத்தோடு முடிந்தது. களமருதூரிலிருந்து என் மாமியார் வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வது என்று முடிவானது. நடவுக்கும் அறுப்புக்கும் ஊருக்குப் போய்விடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சொன்னபடி போனார். அந்த நாட்களில் குழந்தை பாய் வீட்டில் இருந்தது.

கல்லூரியில் முதல் நாள் வாட்ச்மேன் என்னைப் பெற்றோர் உட்காருகிற பந்தலுக்கு அனுப்பினார். அங்கே டீ கொடுத்தார்கள். குடித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். கூடப் படித்ததெல்லாம் பதினெட்டு வயதுப் பிள்ளைகள். முதல் வாரம் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். பிறகு அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பிறகு என் சாப்பாட்டு டப்பாவைக் கேட்காமலே திறந்தார்கள்.

படிப்பு பஸ்ஸில் நடந்தது. சின்னசேலம் வரைக்கும் நின்றுகொண்டு, அதற்குப் பிறகு இடம் கிடைத்தால் உட்கார்ந்துகொண்டு. சாயங்காலம் வீட்டில் புத்தகத்தைத் திறந்தால் என் பெண்ணும் தன் புத்தகத்தைத் திறப்பாள். அவளுடைய புத்தகத்தில் படம் இருந்தது. என்னுடையதிலும் இருந்தது, பெரும்பாலும் கல்லீரல்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனால் பாய் முதல் வேலையாகக் கணக்குக் கேட்பார். பணக் கணக்கு இல்லை.

"இந்த வாரம் இன்னா கத்துக்கினு வந்த?"

எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் கலப்பது எப்படி என்று கற்றுக்கொண்டேன் என்பேன். அதை நம் கடையில் எங்கே விற்பது என்று கேட்பார். ஒரு வாரம் காலமைன் லோஷன் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். நான் கலக்கியதை ஒரு சின்ன பாட்டிலில் கொண்டுபோய்க் காட்டினேன். பாய் மூடியைத் திறந்து முகர்ந்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அலமாரியில் இருந்த கம்பெனி லோஷன் பக்கத்தில் வைத்தார். "அவன் நல்லா பண்றான்," என்றார். ஆனால் என் பாட்டிலை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். வேர்க்குருவுக்கு ஆயிற்று என்று பிறகு அவர் மனைவி சொன்னார்.

இரண்டாம் வருஷம்தான் வம்பு ஆரம்பித்தது. அந்த வருஷம் மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பது பாடம்.

எங்கள் கடையில் 'செட்' என்று ஒன்று விற்போம். காய்ச்சல், உடம்பு வலி என்று டாக்டர் சீட்டு இல்லாமல் வருகிறவர்களுக்கு ஒரு மஞ்சள் மாத்திரை, ஒரு பெரிய வெள்ளை, கடுகு மாதிரி ஒரு சின்ன மாத்திரை, மூன்றையும் ஒரு கவரில் போட்டுக் கொடுப்பது. கூட்டமில்லாத நேரத்தில் முன்கூட்டியே போட்டு டப்பாவில் வைத்திருப்போம். ஒரு வேளைக்கு ஒரு கவர். மறுநாளே ஆள் எழுந்து வேலைக்குப் போவார். ஊர் முழுக்க அந்த செட்டுக்குப் பேர். கல்வராயன் மலையில் பெட்டிக்கடை வைத்திருந்த ஒருவர் வாரச் சந்தைக்கு இறங்கும்போதெல்லாம் ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு போவார், மேலே விற்பதற்கு.

அந்தச் சின்ன மாத்திரையின் பெயரை ஒருநாள் எங்கள் மேடம் போர்டில் எழுதினார். ஸ்டீராய்டு. எதற்குக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு வரியும், கண்டபடி கொடுத்தால் என்ன ஆகும் என்று போர்டு நிறையவும் எழுதினார். முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். நான் எழுதிக்கொண்டேன். எழுதும்போது எங்கள் கடைக்கு வழக்கமாக வருகிற இரண்டு மூன்று முகங்கள் நினைவுக்கு வந்தன. உருண்டையான முகங்கள். நன்றாகத் தேறிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பாயிடம் சொன்னேன். அவர் அதைப் பவர் மாத்திரை என்றுதான் அறிந்திருந்தார். முழுவதும் கேட்டார். "மொதல்ல படிச்சு முடி. அப்புறம் பேசிக்கலாம்," என்றார்.

படித்து முடித்தேன். ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் பயிற்சி, அதற்குப் பிறகு பதிவு. சான்றிதழ் வந்த அன்று பாய் திருவண்ணாமலைக்காரரைச் சுவரிலிருந்து இறக்கினார். என்னை மாட்டினார். மேலே ஒரு சின்ன பச்சை பல்பு போட்டார். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு துண்டு அல்வா கொடுத்து, எங்கள் கடைப் பெண், நான் படிக்க வைத்தேன் என்றார். எல்லோரும் அல்வாவைச் சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தார்கள்.

மறுநாள் நான் செட் கொடுக்க மாட்டேன் என்றேன்.

முதலில் வந்தவர் ஒரு கொத்தனார். காய்ச்சல் மாத்திரை மட்டும் கொடுத்து, மூன்று நாளில் விடாவிட்டால் டாக்டரைப் பாருங்கள் என்றேன். அவர் கவரைத் திறந்து பார்த்துவிட்டு, மீதி எங்கே என்றார். மீதி கிடையாது என்றேன். எதிர்க்கடைக்குப் போனார். மதியத்துக்குள் நாலைந்து பேர் அப்படிப் போனார்கள். அவர்கள் ரோட்டைக் கடப்பதைப் பாய் கல்லாவில் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பார்த்தார். மாலையில் ஒருவர் பழைய சீட்டை நீட்டி ஆன்டிபயாடிக் கேட்டார். சீட்டு போன வருஷத்தது. அவரையும் அனுப்பிவிட்டேன்.

பாய் கோபப்படுகிறவர் இல்லை. அன்றைக்கும் குரலை உயர்த்தவில்லை.

"மருந்து எப்டி விக்கிறதுன்னு கத்துக்கினு வருவன்னு அனுப்னேன். நீ எப்டி விக்காம இருக்கறதுன்னு கத்துக்கினு வந்துருக்க."

"சுவத்துல என் பேருதான பாய் இருக்குது. நாளைக்கு யாருக்காவது ஒண்ணுன்னா என்னத்தான கேப்பாங்க."

"அந்தத் திருவண்ணாமல ஆளு ஒருநாளாச்சும் இப்டிப் பேசியிருப்பானா?"

அந்த ஆள் தண்ணீர் கேட்டதைத் தவிர என்னிடம் எதுவும் பேசியதில்லை என்பது உண்மைதான். மறுநாள் பாய் தானே கவுன்டரில் நின்று செட் கொடுத்துப் பார்த்தார். அலமாரியில் எது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு முறை என்னைக் கேட்டார். நான் வேறு வேலையில் இருந்தேன். மூன்றாம் நாள் கல்லாவுக்குத் திரும்பிவிட்டார். செட் டப்பாவை எடுத்துக் கல்லாவுக்குக் கீழே வைத்துக்கொண்டார். கொஞ்ச நாள் அங்கே இருந்தது. பிறகு காணவில்லை. அவர் என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மலைக்காரர் சந்தை நாளில் வந்தார். பெரிய பை. நான் விஷயத்தைச் சொன்னதும் பையை மடித்துக் கவுன்டர் மேல் வைத்தார். அவர் பேசியதில் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம்.

"டாக்டர பாருன்றியேம்மா. எங்கூர்ல டாக்டரு யாரு? பஸ்ஸு ஒருவாட்டி வரும், ஒருவாட்டி வராது. ஜொரத்தோட ஆள எறக்கிக்கினு வர்றதுக்குள்ள ஜொரமே போயிடும், இல்ல ஆளு போயிடுவான். நான் குடுக்கறதுதான் அங்க வைத்தியம்."

கல்லூரியில் போர்டில் எழுதியதில் பஸ் வராத ஊர் இல்லை. காய்ச்சல் மாத்திரையும், பேதிக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புப் பொட்டலமும் எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன் என்றேன். பெரியவர்களுக்கு எவ்வளவு, குழந்தைக்கு எவ்வளவு, எப்போது கட்டாயம் கீழே இறக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். அவர் உப்புப் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, மற்றதற்கு எதிர்க்கடைக்குப் போனார்.

சில வாரம் கழித்து முகத்தில் சிரிப்போடு வந்தார். டாக்டர் சீட்டு வைத்திருந்தார். நிஜமான சீட்டு, நிஜமான கையெழுத்து. அதில் ஒரு ஆளின் பெயர். அந்த ஒரு ஆளுக்கு அந்தச் சின்ன மாத்திரை முந்நூறு.

"சீட்டு கேட்டியே, இந்தா."

இவ்வளவையும் இந்த ஒருத்தரா சாப்பிடுவார் என்று கேட்டேன். பெரிய குடும்பம் என்றார். அன்றைக்குப் பாய் சிரித்ததுபோல் நான் பார்த்ததில்லை. மாத்திரை கொடுக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு அவர் எங்கள் கடையில் உப்புப் பொட்டலமும் காய்ச்சல் மாத்திரையும் வாங்கினார். செட்டை எதிர்க்கடையில் வாங்கிக்கொண்டுதான் இருந்தார். அதை என்னிடம் மறைக்கவும் இல்லை. ஆனால் குழந்தைகளுக்கு அதைக் கொடுப்பதை நிறுத்திவிட்டதாக ஒருமுறை தானாகவே சொன்னார். நிஜமா என்று எனக்குத் தெரியாது. நிஜம் என்று வைத்துக்கொண்டேன்.

பாய்க்கு முழங்கால் வலி. பல வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்தபடியே வலி மாத்திரையைக் கடலை மாதிரி போட்டுக்கொள்வார். சர்க்கரையும் பிரஷரும் உண்டு. நான் அலமாரிச் சாவியை வைத்துக்கொண்டு, உங்களுக்குத் தர மாட்டேன் என்றேன். என் கடையில் எனக்கே இல்லையா என்றார். சீட்டு கொண்டு வாங்க என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. வலி போய்விட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். தினமும் தொழுகைக்குப் போய் வரும் வழியில் எதிர்க்கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார். அந்தக் கடைக்காரர்தான் இதை எனக்குச் சொன்னார். வருஷக்கணக்காகப் போட்டியிலிருந்த மனிதருக்கு அதைச் சொல்வதில் இருந்த சந்தோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

மழைக்காலத்தில் பாய்க்குக் கால் இரண்டும் வீங்கின. செருப்பு நுழையவில்லை. அவர் மனைவி கடைக்கு வந்து, வேறு யாரையும் கேட்காமல் நேராக என்னைக் கேட்டார். எதிர்க்கடையில் அவர் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த வலி மாத்திரையைச் சொன்னேன். அந்த அம்மா அன்றைக்கே அவரைப் புதுச்சேரிக்கு அழைத்துக்கொண்டு போனார். டாக்டர் பரிசோதித்துவிட்டு, கிட்னியில் கை வைக்க ஆரம்பித்திருக்கிறது, நல்ல வேளையாக இப்போதே வந்தீர்கள், வலி மாத்திரையைத் தொடக்கூடாது என்றாராம். நான் பயந்துதான் போயிருந்தேன். அவர் திரும்பி வருகிற வரை கடையில் எனக்கு வேலை ஓடவில்லை.

ஒரு மாதத்தில் வீக்கம் இறங்கியது. கொள்ளுத் தண்ணீர் குடித்ததால் இறங்கியது என்று பாய் எல்லோரிடமும் சொன்னார். என்னிடமும் சொன்னார்.

வியாபாரம் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. முழுக்க விழவும் இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் ஜாஸ்தியானார்கள். சீட்டை நீட்டி, இது எதுக்கு, சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா என்று கேட்டு நிற்பார்கள். சொல்லிக்கொடுக்க நேரம் ஆகும். அதற்குத் தனிக் காசு கிடையாது என்று பாய் அவ்வப்போது ஞாபகப்படுத்துவார்.

ஐந்து வருஷம் முடிந்தது எனக்கு ஞாபகம் இல்லை. எதிர்க்கடைக்காரருக்கு இருந்தது. அவர் சுவரிலும் ஒரு வாடகை மனிதர் இருந்தார், அங்கேயும் ஆய்வாளர் வந்திருந்தார். கூடுதல் சம்பளத்துக்கு என்னைக் கூப்பிட்டார். வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர், ரோட்டைத் தாண்டுவதற்கு இவ்வளவு தருகிறார்களா என்று ஆச்சரியப்பட்டார். நான் எதிர்க்கடைக்காரரிடம் போய், செட் கொடுக்க மாட்டேன், சம்மதமா என்றேன். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இது பாய் காதுக்குப் போகாமல் இருக்குமா? மறுநாள் கடை திறந்து கல்லாவைத் துடைத்தார். பிறகு, இந்த டி.பார்முக்கு மேலே வேறு படிப்பு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, பி.பார்ம் என்றேன். அதை எத்தனை வருஷம் படிக்க வேண்டும், எவ்வளவு ஆகும் என்றெல்லாம் விசாரித்தார். என்னை அனுப்பத்தான் கேட்கிறார் என்று நினைத்து, பெண் பத்தாவதுக்கு வருகிற நேரத்தில் எப்படிச் சமாளிப்பது என்று மனதுக்குள் திட்டம் போட ஆரம்பித்துவிட்டேன்.

"வேணாம்மா," என்றார். "இப்ப படிச்சதே போதும். அதையும் படிச்சா நீ கடைய மூடச் சொல்லுவ."

அந்த மாதத்திலிருந்து எனக்குச் சம்பளம் கூடியது. எதிர்க்கடைக்காரர் சொன்னதைவிடக் கொஞ்சம் கம்மிதான்.