உட்கார்ந்தபடி ஒரு கரப்பந்து

உட்காருவதில் எனக்கு முப்பது வருட அனுபவம். எழுதுகிறவன் வேறென்ன செய்வான்? அந்தத் தைரியத்தில்தான் போன சனிக்கிழமை மாட்டிக்கொண்டேன்.

பதுளையில் ஒரு மண்டபத்தில், அமர்ந்து ஆடும் கரப்பந்து, அதாவது வாலிபால் போட்டி. மாற்றுத்திறனாளி இளைஞர்களும் மற்றவர்களும் ஒரே அணியில் கலந்து ஆடலாம். நான் போனது வேடிக்கை பார்க்க. ‘பாவம், இந்தப் பிள்ளைகள்...’ என்று என் பத்திரிகைப் பத்தியின் முதல் வரிகூடத் தயார்.

ஓர் அணியில் ஆள் குறைந்தது. மொனராகலையிலிருந்து வரவேண்டிய சிங்களப் பையன் சமனின் பஸ் வழியில் நின்றுவிட்டதாம். ஆறு பேர் இல்லாவிட்டால் ஆடாமலே தோல்வி.

தலைவி தர்ஷினி என்னைப் பார்த்தாள். தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டத்துப் பெண்; பத்தொன்பது வயது. பிறந்ததிலிருந்தே ஒரு காலில் பலமில்லை, ஊன்றுகோலில் நடப்பவள்.

“சார், சும்மாதானே இருக்கீங்க? வாங்க.”

முக்கிய விதி ஒன்றுதான் — பந்தை அடிக்கும்போது புட்டம் தரையை விட்டு எழக்கூடாது. என் உடம்பிலேயே எழுந்திருக்க அதிகம் சோம்பல்படுவது அதுதானே? ஆனால் பந்து வந்ததும் துள்ளி எழுந்தது. விசில்! அடுத்த பந்து... மறுபடி விசில்!

மற்றவர்கள் கைகளை ஊன்றி வழுக்கிக்கொண்டு போனார்கள். நான் மா மூட்டை மாதிரி கிடந்தேன்.

“எந்திரிக்காதீங்க சார்! கைய ஊனி நகருங்க!”

முதல் சுற்று போயிற்று. முழுப் பெருமையும் எனக்கே.

அப்போது சமன் மூச்சிரைக்க ஓடிவந்தான். தர்ஷினி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“சார், நீங்க வெளிய போங்க.”

என் கதைகளைத் திருப்பி அனுப்புகிற ஆசிரியர்கள்கூட ‘வருந்துகிறோம்’ என்று ஒரு வார்த்தை சேர்ப்பார்கள்!

வெளியே அவளுடைய அம்மா, கொழுந்து பறிக்கிறவர், பதறிப்போனார். “மன்னிச்சுக்கங்க சார். பெரியவங்கன்னு பாக்காம பேசிப்புட்டா.”

பிறகு மகளைப் பார்த்தபடியே சொன்னார்: “ரெண்டு வருஷத்துக்கு முந்தி, எங்க லயத்து வீட்டுப் பக்கம் யாராச்சும் வந்தா கதவுக்குப் பின்னால போயி நின்னுக்குவா. கடைக்குக்கூடப் போமாட்டா சார்.”

தயாராக வைத்திருந்த முதல் வரியை அங்கேயே விழுங்கினேன்.

இரண்டாவது சுற்றை வென்றார்கள். மூன்றாவதை இரண்டே புள்ளி வித்தியாசத்தில் விட்டார்கள். தர்ஷினி தரையில் ஓங்கி அடித்தாள், கண் கலங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, யார் எங்கே தவறவிட்டார்கள் என்று ஒவ்வொருவராகப் பிடித்தாள். எனக்கும் கிடைத்தது.

திரும்பும்போது அவர்களுக்கும் எனக்கும் ஒரே பஸ். நான் பண்டாரவளைக்காரன்; தெமோதரை போகிற வழியில்தான். கூட்டம். ஊன்றுகோலைப் பார்த்த நடத்துனர், அடுத்த பஸ்ஸில் வரும்படி கை காட்டினார். கண்டிப்பான ஒரு சிங்கள வாக்கியத்தில் மனதுக்குள் இலக்கணப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் தர்ஷினி சரளமான சிங்களத்தில் பேசி, அவரைச் சிரிக்க வைத்து, ஏறியும்விட்டாள்.

“சிங்களம் எங்கம்மா படிச்ச?”

“டீம்லதான் சார். சமனைத் திட்டணும்ல?”

தனக்கும் அம்மாவுக்கும் இடம் பிடித்தவள், முன் இருக்கை இளைஞனிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். அவன் பரிதாபமாக என்னைப் பார்த்து எழுந்தான்.

வேண்டாம் என்று மறுக்கத்தான் நினைத்தேன். இடுப்பு சம்மதிக்கவில்லை.