நாற்பது டிகிரி எண்ணெய்

கடையில் அவள் தேன் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, அது வழிந்து இறங்க எத்தனை விநாடி என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள். கடைக்காரருக்கு இது பழகிவிட்டது. ஷாம்பு, இருமல் மருந்து, வார்னிஷ் எதுவும் அவள் கைக்குத் தப்பியதில்லை. "எதை வாங்கிக் குடுத்தாலும் முதல்ல கவுத்துதான் பார்ப்பா. நல்லவேளை, என்னை மட்டும் விட்டுட்டா" என்பார் கணவர்.

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'பிசுக்கு மேடம்'. எண்ணெயும் பெயின்ட்டும் பசையும் குழாய்க்குள் எப்படி ஓடும் என்று கணினியில் ஓடவிட்டுப் பார்ப்பது வேலை. கம்பெனி ஒரு பம்பைச் செய்யும் முன்பே அது உருப்படுமா என்று சொல்லியாக வேண்டும். கணக்கு ஓடும்போது மேசையில் யாரும் கை வைக்கக் கூடாது. பாதியில் நின்றால் "ஓடேன், கழுதை" என்று திரையை அதட்டுவாள். அதில் வரும் நீலம் சிவப்புப் படங்களைப் பார்த்து மயங்குகிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். "தேனைத் தண்ணின்னு நாம சொன்னா, கம்ப்யூட்டரும் தண்ணின்னுதான் நம்பும். அதுக்கென்ன நாக்கா இருக்கு?"

போன வாரம் மலையூர் மருத்துவமனை ஒன்றின் ஜெனரேட்டருக்கான எண்ணெய்ப் பம்பு கணக்குக்கு வந்தது. மின்சாரம் போன நொடியில் அது ஓடியாக வேண்டும். எண்ணெயின் பிசுக்குக்கு, அதாவது அது எவ்வளவு கெட்டியாக ஓடும் என்பதற்கு, ஒரே ஒரு எண்ணைக் கொடுத்துக் கணக்கை முடித்திருந்தார் மானேஜர்.

"டப்பாவுல போட்டிருக்கிற நம்பர்தானேம்மா?"

"அது நாப்பது டிகிரியில அளந்தது சார். பனிக்காலத்து விடிகாலையில அஞ்சு டிகிரி. எண்ணெய் களிம்பா நிக்கும். நான் குளிரையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். சுழல்ற தண்டைத் தாங்குற பேரிங்குக்குப் போய்ச் சேர ஒரு நிமிஷம் ஆகுது. அதுக்குள்ள மெஷின் கருகிடும். ஆபரேஷன் தியேட்டர்ல ஒருத்தர் வயித்தைத் திறந்து வச்சிருப்பாங்க."

"எட்டு வருஷமா இப்படித்தான் குடுக்கிறோம். சாயங்காலத்துக்குள்ள கையெழுத்து வேணும். உங்க சீட்டுல உக்கார ஆளா இல்ல?"

மதியம் கணவரிடம் போனில் சொன்னாள். "ஊரோட ஒத்துப் போயேன். பத்தோட பதினொண்ணு" என்றார் அவர். வீட்டில் இவள் சம்பளம்தான் அடுப்பு எரிக்கிறது; அவர் பயமும் நியாயம்தான்.

"சீட்டு போனா வேற தேடிக்கலாங்க. அந்த மெஷின் நின்னா யாருங்க பொறுப்பு?"

மாலையில் மானேஜர் அறிக்கையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கடைசி வரி: 'இந்தப் பம்பு எல்லாப் பருவத்திலும் இயங்கும்.' மூடியைக் கழற்றிப் பேனாவையும் நீட்டினார். அவளுக்குப் பயம் இல்லை என்றால் அது பொய்.

பேனாவை வாங்கினாள். 'எல்லாப் பருவத்திலும் இயங்கும்' என்பதை ஒரே கோடாக அடித்தாள். மேலே 'குளிரில் இயங்காது' என்று எழுதி, அதன் பக்கத்தில், காகிதம் குழியும்படி அழுத்தி, முழுப் பெயரையும் கையெழுத்திட்டாள்.