திருப்பி அடிக்கும் காட்சி

அடைக்கலம் அடி வாங்கியே பேர் எடுத்தவன். பகலெல்லாம் உறையூரில் சுருட்டுப் பட்டறையில் உட்கார்ந்து புகையிலை சுருட்டுவான். பொழுது சாய்ந்தால் முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு மேடையேறி அறை வாங்குவான். சுருட்டு அவனுக்குச் சோறு போட்டது, அறை பேர் வாங்கிக் கொடுத்தது. சிந்தாமணியில் இருந்து திருவானைக்காவல் வரைக்கும் எந்த டீக்கடையில் போய் நின்றாலும், "பியூன் வந்துட்டான்டா!" என்று ஒருவன் சிரிப்பான், இன்னொருவன் செல்லமாக முதுகில் ஒன்று வைப்பான். ஊர் தன் பிரியத்தைக் காட்டிய லட்சணம் அப்படி.

நாடகத்துக்குப் பெயர் 'புக்கிங் ஆபீஸ்'. எழுதியது, நடத்தியது, அதில் மேனேஜராக நடித்தது எல்லாம் சின்னையன். காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு லாரி ஆபீசில் சில வருஷம் குமாஸ்தாவாக இருந்து, அங்கே நடந்த கூத்தை எல்லாம் மனதில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவன். தை பிறந்தால் சீசன் தொடங்கும். ஆடிக் காற்று கொட்டகையைத் தூக்குகிற வரைக்கும் நடக்கும். வருஷத்துக்கு வருஷம் கதை மாறும், ஆபீஸ் மட்டும் மாறாது. அதே முன்கோபி மேனேஜர். தூங்கிக்கொண்டே கூட்டல் போடுகிற கணக்கப்பிள்ளை, அது சவரிநாதன். டைப் அடிப்பதைத் தவிர மற்ற எல்லா வேலையும் பார்க்கிற டைப்பிஸ்ட், அது லூர்துராணி. பிறகு, எது நடந்தாலும் பழி விழுகிற பியூன். லாரி கவிழ்ந்தால் பியூனுக்கு அறை. மழை பெய்தால் அறை. மழை பெய்யாவிட்டாலும் அறை. ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு மனிதன் அடிபடுவதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். அங்கே உட்கார்ந்திருந்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள்.

அடைக்கலம் நடிப்பதற்கென்று போனவன் அல்ல. ஐம்பத்திரண்டாம் வருஷம் முதல் ஒத்திகை நடந்த இடத்துக்குச் சுருட்டுக் கட்டு கொடுக்கப் போனான். பியூனாகப் போட்டிருந்த ஆள் முதல் அறையிலேயே ரோஷப்பட்டுக் கிளம்பிவிட்டான். சின்னையன் கோபத்தில் பக்கத்தில் நின்ற அடைக்கலத்தை இழுத்து நிறுத்தி, "எங்க, நீ வாங்கு பார்ப்போம்" என்று ஒன்று விட்டான். அடைக்கலத்தின் முகம் அழவும் இல்லாமல் சிரிக்கவும் இல்லாமல் கோணிக்கொண்டு நின்றது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதுவரை அவனைப் பார்த்து யாரும் எதற்கும் சிரித்ததில்லை, அழுததும் இல்லை. பிறந்ததில் இருந்து ஒருவர் கண்ணிலும் படாமல் இருந்தவனுக்கு அந்தச் சிரிப்பு தித்தித்தது. உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்?

மற்ற நாடகக்காரர்கள் மேடையில் அறைவது ஒரு தந்திரம். அடிக்கிறவன் கை கன்னத்தை ஒட்டிக் காற்றில் போகும். அடி வாங்குகிறவன் அதே நேரத்தில் நெஞ்சுக்கு நேரே கையைத் தட்டிச் சத்தம் காட்டுவான். சின்னையனுக்கு அது பிடிக்காது. "கை தட்டுற சத்தம் வேற, கன்னத்துல விழுற சத்தம் வேற. பின்னாடி தரையில உட்கார்ந்திருக்கான் பாரு, அவனுக்குத் தெரியும்" என்பான். ஆகவே 'புக்கிங் ஆபீஸி'ல் அடி என்றால் அடிதான். ஆனால் அதற்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். தாங்க முடியாமல் போனால் அடி வாங்குகிறவன், "சார், டீ ஆறிப்போச்சு" என்று சொல்ல வேண்டும். சொன்னால் அடிக்கிறவன் கையை இறக்கிவிட வேண்டும், காட்சி அடுத்த பேச்சுக்குப் போய்விடும். குழுவுக்குள் இருந்த ரகசியம் அது.

எதற்கு எது வேடிக்கை என்று யார் கண்டது? அறை வாங்கி வீங்கின கன்னத்தோடு ஒருவன் டீயைப் பற்றிக் கவலைப்படுவது ஜனங்களுக்குத் தாங்க முடியாத வேடிக்கையாகிவிட்டது. இரண்டாவது சீசனில் பஸ் கண்டக்டர்கள் அதைச் சொன்னார்கள். மூன்றாவது சீசனில், அடைக்கலம் வாயைத் திறப்பதற்கு முன்பே கொட்டகை முழுவதும் கோரஸாக, "சார், டீ ஆறிப்போச்சு!" என்றது. சொல்லி முடித்ததும் ஒரு சிரிப்பு எழும்பும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொரு அறை விட்டால் சிரிப்பு இரண்டு மடங்காகும். சின்னையன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். நிறுத்தச் சொல்லும் வார்த்தை, இன்னும் ஒன்று போடச் சொல்லும் வார்த்தையாக மாறிப்போனது.

ஐம்பத்தொன்பதில் உப்பிலியபுரத்தில் நடந்த ஆட்டத்தில் அடைக்கலத்தின் இடது காது போயிற்று. முதல் அறையிலேயே உள்ளே ஏதோ கிழிந்தது. "சார், டீ ஆறிப்போச்சு" என்றான். ஜனங்கள் கூடவே சொன்னார்கள். இன்னொரு அறை விழுந்தது. மறுபடியும் சொன்னான். மறுபடியும் விழுந்தது. காதில் இருந்து கழுத்துக்கு ரத்தம் இறங்கியதைப் பார்த்து, சாயம் பூசியிருக்கிறான் என்று முன்வரிசையில் ஒருவர் மெச்சிக்கொண்டார்.

"ஏன்டா சொல்லலே?" என்று திரைக்குப் பின்னால் சின்னையன் கேட்டான்.

"சொன்னேண்ணே. ரெண்டு தடவை சொன்னேன்."

"ஜனங்க போட்ட சத்தத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கலடா."

பொய் என்று அடைக்கலத்துக்குத் தெரியும். ஒரு கை தூரத்தில் நின்றவனுக்குக் கேட்காமல் எப்படிப் போகும்? ஜவ்வு கிழிந்துவிட்டது, இனி ஒட்டாது என்று டாக்டர் சொன்னார். அடைக்கலம் தலையாட்டிவிட்டு வந்து அடுத்த ஆட்டத்திலும் நின்றான். ஆனால் அன்றிலிருந்து, சுருட்டுப் பலகையில் இலையை விரிக்கும்போது சின்னையன் நினைப்பு வந்தால் வலது கை தானாகப் பலகையை ஓங்கி அறையும். பக்கத்தில் இருப்பவர்கள் கொசு என்று நினைத்துக்கொள்வார்கள்.

அறுபத்தொன்றில் சின்னையன், இதுதான் கடைசி சீசன் என்று அறிவித்தான். சினிமாக் கொட்டகைகள் கூட்டத்தை இழுத்துக்கொண்டிருந்தன, அவனுக்கும் மூச்சு வாங்கியது. கடைசி என்றால் சும்மா முடிக்கலாமா? குதிரை வண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டித் தெருத் தெருவாகச் சொல்லச் சொன்னான்: "பியூன் மேனேஜர் ஆகிறான்! வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறான்! ஸ்ரீரங்கத்தில் கடைசி ஆட்டத்தில் மட்டும்!"

ஊருக்கு வெறி பிடித்துவிட்டது. பட்டறையில், பஸ்ஸில், காவிரிப் படித்துறையில், பார்த்தவன் எல்லாம் அடைக்கலத்தின் கையைப் பிடித்துப் பார்த்தான். "நல்லா எண்ணெய் போட்டு நீவி வை" என்று ஒருவர் யோசனை சொன்னார்.

வேண்டாம் என்றது ஒரே ஒருத்தி. அவன் பெண்டாட்டி வீரம்மாள்.

வீரம்மாள் தொட்டியத்துக்காரி. அவள் அப்பன் வாழைத்தோட்டத்தில் இருந்து வரும்போதே கையில் பச்சை மட்டையோடு வருவான், அது அம்மாவின் முதுகில் நாராகிற வரைக்கும் ஓயமாட்டான். இவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, தொட்டியத்தில் நாடகம் போட வந்த அடைக்கலத்தைக் காட்டினார்கள். ஊரே சிரிக்க அறை வாங்கி நின்றவனைப் பார்த்து அவள் மட்டும் சிரிக்கவில்லை. இப்படி வாங்குகிறவன் வீட்டில் கை ஓங்கமாட்டான் என்று நினைத்துத் தலையாட்டினாள். அவள் நினைத்தது தப்பவில்லை. கல்யாணம் ஆன நாளில் இருந்து அவன் அவளிடம் குரலைக்கூட உயர்த்தியதில்லை. அவனுடைய நாடகத்தை அதற்கப்புறம் அவள் பார்க்கப் போனதும் இல்லை.

"நீங்க அடிக்க வேணாங்க" என்றாள்.

"ஒரே ஒரு அறைதானே. அதுவும் நாடகத்துல."

"ஒண்ணோட நிக்காதுங்க. அடிக்கிறவங்களை நான் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன். மத்தவங்க மாதிரி காத்துல வீசுங்க, அவரு கையைத் தட்டிக்கட்டும். அது போதும்."

"என் காதுக்கு என்ன பதில், வீரம்மா?"

"காது போனவரோட நான் குடித்தனம் பண்ணிருவேன்" என்றாள் அவள்.

அடைக்கலம் அவள் தலையில் கை வைத்து, அடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தான். சின்னையனிடமும் போய், காற்றில்தான் வீசுவேன், நீங்கள் கையைத் தட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டான். சின்னையன் பெருமூச்சு விட்டதைப் பார்த்தால், அவனும் பயந்துதான் கிடந்திருக்கிறான் என்று தெரிந்தது.

அந்த சீசன் முழுவதும் அடைக்கலம் வாங்கிய அடி அதுவரை வாங்காத அடி. கடைசியில் திருப்பிக் கொடுக்கப்போகிறான் என்பதால் கொடுப்பவனுக்கும் கூச்சம் இல்லை, பார்ப்பவனுக்கும் இல்லை. வெறும் கை போய் ரூல்தடி வந்தது. குடை வந்தது. துறையூரில் நாற்காலிக் கால் உடைந்தது அவன் முதுகில்தான். டைப்பிஸ்டும் ஒன்று போடுகிற மாதிரி கதையை மாற்றியிருந்தார்கள். லூர்துராணி மட்டும் தன் முறை வரும்போது மெதுவாகத் தொட்டுவிட்டு, "கண்ணை மூடிக்குங்கண்ணே, இன்னும் கொஞ்ச நாள்தான்" என்று முணுமுணுப்பாள். ராத்திரி வீரம்மாள் ஒத்தடம் கொடுக்கும்போது அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தியத்தை நினைத்துக்கொண்டு கிடப்பான்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் ஒரு வெளியில் பெரிய கொட்டகை போட்டிருந்தார்கள். டவுனில் இருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டி ஜனங்கள் ஜட்கா வண்டியிலும் பஸ்ஸிலும் வந்து குவிந்தார்கள். வீரம்மாளும் வந்திருந்தாள். லூர்துராணி அவளைப் பெண்கள் பக்கத்தில் முன்னால் உட்கார வைத்தாள்.

கடைசிக் காட்சி வந்தது. மேனேஜரின் தில்லுமுல்லு வெளிப்பட்டு, முதலாளி பியூனை மேனேஜராக்கிவிட்டார். அடைக்கலம் கோட்டுப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சின்னையன் காக்கிச் சட்டையில், டீ கிளாசோடு வந்து எதிரில் நின்றான். கொட்டகையில் பேச்சு மூச்சு இல்லை. அடைக்கலம் எழுந்து கையை வீசினான். சின்னையன் கையைத் தட்டினான்.

"ஏமாத்துறான்டா! கையைத் தட்டுறான்!" என்று பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. சின்னையன் சொன்னது சரிதான், பின்வரிசைக்காரனுக்குத் தெரிந்துவிட்டது. ஊளைச் சத்தம் கிளம்பியது. ஒரு செருப்பு வந்து மேஜைமேல் விழுந்தது. "நிஜமா அடிடா! பொட்டப்பயலே, அடிடா!"

சின்னையன் வியர்த்துப்போய், உதடு அசையாமல், "அடிச்சிருடா அடைக்கலம். ஒண்ணு. தாங்கிக்கிறேன்" என்றான்.

அடைக்கலம் பெண்கள் பக்கம் பார்த்தான். விளக்கு வெளிச்சம் கண்ணில் அடித்தது, ஒரு முகமும் தெரியவில்லை. அடித்தான்.

சிரிப்பு எழுந்தது. இத்தனை வருஷமும் அவன் அந்தச் சிரிப்பை அடியின் வலியோடுதான் கேட்டிருக்கிறான். வலி இல்லாமல் அது எப்படி இருக்கும் என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. கை சுகமாகச் சுட்டது. இன்னொன்று விட்டான், சிரிப்பு இன்னும் பெரிதாக வந்தது. மூன்றாவது அறையில் டீ கிளாஸ் பறந்தது.

"சார், டீ ஆறிப்போச்சு" என்றான் சின்னையன்.

கொட்டகை முழுவதும் கூடவே சொன்னது. ஆனாலும் அடைக்கலத்துக்கு அவன் குரல் தனியாக, தெளிவாகக் கேட்டது. மிச்சம் இருந்த ஒற்றைக் காதிலேயே கேட்டது. கேட்டுக்கொண்டேதான் அடித்தான். சின்னையன் இரண்டாவது தடவை சொன்னான். அப்போது அடைக்கலத்தின் கையில் ரூல்தடி இருந்தது. அதை எப்போது எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. உதடு கிழிந்தது. சின்னையன் மேஜை முனையில் மோதி விழுந்தான், இரண்டு பல் மேடையில் தெறித்தது. விழுந்தவனின் மார்பில் முழங்காலை ஊன்றிக்கொண்டு அடைக்கலம் அடித்தான். ஜனங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கணக்கப்பிள்ளை சவரிநாதன் தூக்கத்தில் இருந்து எழுந்து ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடித்து இழுத்தான். இத்தனை சீசனிலும் அந்தக் கணக்கப்பிள்ளை ஒரு தடவைகூடக் கண் விழித்ததில்லை. அவன் எழுந்து ஓடியதுதான் அன்றைக்குப் பெரிய சிரிப்பு. லூர்துராணி, "திரையைப் போடுங்கய்யா! ஐயோ, திரையைப் போடுங்க!" என்று அலறியதற்கும் கைதட்டினார்கள். திரை விழுந்த பிறகும் வெகுநேரம் கைதட்டல் ஓயவில்லை.

சின்னையனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கன்ன எலும்பு விரிந்து, ஒரு கண் மூடிப்போயிருந்தது. அடைக்கலம் கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டில் பக்கத்தில் நின்றான். சின்னையன் மற்றக் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தான்.

"நான் சொன்னது கேட்டுச்சாடா?"

"கேட்டுச்சுண்ணே."

"அன்னைக்கு எனக்கும் கேட்டுச்சு" என்றான் சின்னையன். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். இத்தனை நாள் காத்திருந்த வார்த்தை அது. கிடைத்தபோது அடைக்கலத்துக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

விடிந்து வீட்டுக்கு வந்தான். வீரம்மாள் அடுப்பங்கரையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கொல்லையில் தண்ணீர் எடுத்து வைத்திருந்தாள். அவன் உட்கார்ந்து, அரிதாரமும் காய்ந்த ரத்தமும் போகும்வரை தேய்த்துக் கழுவினான். சத்தியத்தைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே உள்ளே வந்தான். முகத்தில் தண்ணீர் சொட்டியது. துண்டு அவள் தலைக்கு மேலே கொடியில் கிடந்தது. எடுப்பதற்காகக் கையைத் தூக்கினான்.

வீரம்மாள் அரிசியை அப்படியே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் காதுகளைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒண்டிக் குனிந்தாள்.

"துண்டுக்குத்தான், வீரம்மா" என்றான். குரல் அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவள் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு கொடியில் இருந்து துண்டை உருவி, எட்டவே நின்றுகொண்டு, கையை நீட்டி அவனிடம் கொடுத்தாள்.